முத்திரை விழாத ஒன்பது தொகுதிகள்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று வீட்டில் சொல்வார்கள். பழனி அடிவாரத்தில் திருநீறும் பஞ்சாமிர்தமும் விற்கும் கடை எங்களுடையது. அங்கேயும் நான் ஒரு பொழுது முழுக்க உட்கார்ந்து வியாபாரம் பார்த்தது கிடையாது. அப்படிப்பட்டவன் சென்னையில் ஒரு வருடம் நூலகப் பயிற்சி முடித்து, அறுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் ஒரு சின்ன மிஷன் கல்லூரிக்கு நூலகராகக் கிளம்பினேன். "புத்தகத்தையெல்லாம் நிக்க வச்சுட்டு நீ ஓடிக்கிட்டுத் திரியப் போற" என்றார் என் அண்ணன்.

போய்ப் பார்த்தால் புத்தகங்களுக்கே நிற்க இடமில்லை. வெள்ளைக்காரர் ஒருவர் குடியிருந்த பழைய பங்களாதான் நூலகம். சுதந்திரத்துக்குப் பிறகு ஊரைவிட்டுக் கிளம்பிய துரைமார் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்யும்போது பியானோவை விற்பார்கள், நாயை யாருக்காவது கொடுப்பார்கள், புத்தகங்களை எங்கள் கல்லூரிக்கு அனுப்பிவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பிரசங்கத் தொகுப்புகள், குதிரைக்கு வரும் நோய்கள், எங்கோ ஒரு தேசத்தின் பழைய ரயில் அட்டவணை, சீட்டாட்டம் கற்றுத்தரும் கையேடு என்று எல்லாம் அலமாரியில் ஏறி உட்கார்ந்திருந்தன. பி.ஏ. படிக்கும் பிள்ளைக்கு வேண்டிய நூல் அந்த அலமாரிக்கு அடியில் தரையில் கிடந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடும். ஒரு புத்தகத்தில் பூஞ்சணம் பிடித்தால் பக்கத்துப் புத்தகத்துக்கும் தாவும். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இது நூலகமா, கிட்டங்கியா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டேன்.

கல்லூரி முதல்வர் சாந்தமான மனிதர், ஆனால் கவலைக்காரர். புதிய பட்டப் படிப்புகளுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள். அதற்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கமிட்டி வரவேண்டியிருந்தது. வந்தால் முதலில் நூலகத்துக்குள்தான் நுழைவார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"ஒரு பாலிசி எழுதிக் குடுங்க. எந்த புக்கை வாங்கணும், எதை வாங்கக் கூடாது, எதைக் கழிக்கணும்னு தெளிவா இருக்கணும். கமிட்டிக்குக் காட்டணும்" என்றார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். மூன்று நாள் ஏரியைச் சுற்றிச் சுற்றி நடந்து மனத்துக்குள் எழுதினேன். நான்காம் நாள் அலுவலகத் தட்டச்சு இயந்திரத்தில் பத்து விதிகளாக அடித்துக் கொடுத்தேன். இன்றைக்குப் படித்தாலும் அவற்றில் பெரும்பாலானவை சரி என்றே சொல்வேன். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத நூலகம், வேண்டியதைக் கேட்டு வருகிறவனுக்கு உதவாது. இதை நான் அப்போதும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஐந்தாம் விதி எனக்கு மிகவும் பிடித்தது: தொடர்ந்து மூன்று ஆண்டுகள் யாரும் எடுத்துப் போகாத நூல் நீக்கப்படும். எடுத்தார்களா இல்லையா என்பதற்குச் சாட்சி, ஒவ்வொரு நூலின் பின்னட்டையிலும் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டு. நூல் வெளியே போகும்போதெல்லாம் அதில் ஒரு முத்திரை விழும். முத்திரை இல்லையென்றால் வாசகர் இல்லை. யாரும் தர்க்கம் பண்ண முடியாது என்று எனக்குப் பெருமை.

மார்கழி விடுமுறையில் ஆசிரியர்கள் எல்லாரும் ஊருக்குப் போனபிறகு வேலையைத் தொடங்கினேன். கழிப்பதில் ஒரு ருசி இருக்கிறது. அதைச் சொல்லாமல் மறைத்தால் பொய்யாகிவிடும். ஒரு அலமாரி காலியாகி, சுவர் தெரிந்து, வெளிச்சம் உள்ளே வரும்போது எனக்கு விசில் அடிக்கத் தோன்றியது. பின்னட்டையைத் திற, சீட்டைப் பார், இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, அவ்வளவுதான். உட்காராமல் செய்கிற வேலை வேறு. பகல் முழுக்க நின்றபடியே செய்தேன்.

தமிழ் அலமாரியின் கோடியில் கருப்புக் காலிகோ அட்டை போட்ட ஒன்பது தொகுதிகள் இருந்தன. நாற்பது, ஐம்பது வருடங்களுக்கு முன் மேல்மலை ஊர்களில் நடந்து திரிந்த ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் தன் கையால் எழுதி, பைண்டு செய்து விட்டுப் போனவை. கோணல்மாணலான தமிழில் சொற்கள், எதிரே ஆங்கிலத்தில் விளக்கம். வயல்களின் பெயர்கள், செடிகளின் பெயர்கள், விதைப்புப் பாட்டுகள். ஆறாவது தொகுதியைத் திறந்து இரண்டு பக்கம் பார்த்தேன். பின்பக்கம் சீட்டைப் பார்த்தேன். ஒரு முத்திரைகூட இல்லை. ஒன்பதிலும் இல்லை. ஐந்தாம் விதி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு கழிவுக் கட்டோடு சேர்த்தேன். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது.

கழித்ததை என்ன செய்வது என்று முதல்வர் கேட்டபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. திருநீறு மடிக்கத் தாள் கிடைக்காமல் அலைகிறேன் என்று அண்ணன் கடிதம் போட்டிருந்தார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மேல்மலை ஊரான பூம்பாறையிலிருந்து வெள்ளைப்பூண்டு ஏற்றிக் கீழே போகும் லாரியில் கட்டுகளை ஏற்றிவிட்டேன். முதல்வர், கழிவுக் கட்டுகள் குவிந்திருந்த கொட்டடி காலியானதைப் பார்த்துத் திருப்தியாகச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

தை மாதம் கல்லூரி திறந்தது. முதல் நாளே தமிழ் விரிவுரையாளர் ஒருவர் நூலகத்துக்கு வந்தார். பூம்பாறையில் பூண்டு போடும் குடும்பத்துப் பெண். மிஷன் பள்ளியில் படித்து, மதுரைக்குப் போய்ப் பட்டம் வாங்கி, எங்கள் கல்லூரியிலேயே வேலைக்குச் சேர்ந்தவர். எம்.லிட். பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருக்கிறார் என்பது தெரியும். எதைப்பற்றி என்று நான் கேட்டதில்லை. தமிழ் அலமாரியின் கோடி வரை போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"சார், கருப்பு வால்யூம் ஒம்போதும் அங்கன இருந்துச்சே. எங்க மாத்தி வச்சிருக்கீங்க?"

"அதைக் கழிச்சாச்சு மிஸ். மூணு வருஷமா யாரும் எடுக்கலை."

"நான் எடுத்தேனே சார். நாலு வருஷமா எடுத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

அப்போதுதான் ஆசிரியர் நோட்டு என் நினைவுக்கு வந்தது. எனக்கு முன் இருந்தவர் காலத்திலிருந்தே அங்கே ஒரு வழக்கம். மாணவர் எடுத்தால் சீட்டில் முத்திரை குத்தி, திருப்பித் தரவேண்டிய நாளைச் சொல்வோம். ஆசிரியரிடம் நாள் குறிப்பது மரியாதை இல்லை. அதனால் ஆசிரியர்கள் நூலைத் தாங்களே எடுத்து, மேசையில் கிடக்கும் நீளமான நோட்டில் தங்கள் பக்கத்தில் தாங்களே எழுதிவிட்டுப் போவார்கள். சீட்டைத் தொடமாட்டோம். அந்த நோட்டு தினமும் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. அவருடைய பக்கத்தை விரித்தேன். சின்னச் சின்னக் கையெழுத்தில் வரிசையாக இருந்தது: கருப்பு 1, கருப்பு 2, கருப்பு 6, மறுபடியும் கருப்பு 6.

அவருடைய ஆய்வு மேல்மலை ஊர்களின் சொற்களைப் பற்றியது. அந்தப் பாதிரியார் காலத்தில் என்ன பேசினார்கள், இப்போது என்ன பேசுகிறார்கள் என்று ஒப்பிட்டு மூன்று அதிகாரங்கள் எழுதியிருந்தார். தேர்வாளர் கேட்டால் மூல நூலைக் காட்டவேண்டும். உலகத்தில் அதற்கு வேறு பிரதி கிடையாது.

"எங்க ஊர்லயே அந்தச் சொல்லுல பாதி இப்ப யாருக்கும் தெரியாது சார். பயிர் மேல படியிற பனிக்கு ஒரு பேரு, வெயில் பட்டு உருகுற பனிக்கு ஒரு பேரு. நான் எழுதினா நானாக் கட்டினதும்பாங்க. அவர் எழுதி வச்சிருந்தாத்தான் நம்புவாங்க" என்றார். குரல் உயரவே இல்லை.

மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வத்தலக்குண்டில் இறங்கி, செம்பட்டி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். கன்னிவாடியைத் தாண்டியதும் சாலை முழுக்கக் காவடிக் கூட்டம். பஸ் ஊர்ந்தது. என்னால் இருக்கையில் இருக்க முடியவில்லை. இறங்கி நடந்தேன், நடப்பதைவிட பஸ் பரவாயில்லை என்று மறுபடி ஏறினேன், கண்டக்டரிடம் ஏச்சு வாங்கினேன். முருகா, அந்த ஒன்பதை மட்டும் கிழிக்காமல் விட்டிருக்கவேண்டும் என்று வழியெல்லாம் வேண்டினேன். வேண்டிக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை என்றும் கூடவே தோன்றியது.

கடையில் அண்ணி தாளை அளவுகோல் வைத்துச் சதுரம் சதுரமாகக் கிழித்துக்கொண்டிருந்தார். அண்ணன் திருநீற்றை அள்ளி வைத்து மடித்துக்கொண்டே இருந்தார்.

"கருப்பு அட்டை போட்ட புத்தகம் எங்கண்ணே?"

"அதுதான்டா முதல்ல தீந்துச்சு. என்னா தாளு! கனமா இருந்துச்சு, விபூதி ஒரு பொட்டு சிந்தலை. இன்னும் இருந்தா அனுப்பு."

கட்டுகளுக்குள் புகுந்து தேடினேன். குதிரைக்கு வரும் நோய்கள் முழுசாகக் கிடந்தது. பிரசங்கங்கள் கிடந்தன. கருப்புத் தொகுதிகளில் மிஞ்சியவை அட்டைகளும், அண்ணியின் மடிக்குப் பக்கத்தில் முப்பது, நாற்பது தாள்களும்தான். அவற்றை வாரி எடுத்துக்கொண்டேன். கடை வாசலில் ஆட்கள் பொட்டலங்களை வாங்கி வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குப் புத்தி எங்கே போயிற்றோ, வாசலுக்குப் போய் நின்று, பழுப்புத் தாளில் மடித்த பொட்டலம் வைத்திருந்தவர்களை எல்லாம் மறித்தேன். பொட்டலத்தைக் கொடுங்கள், வேறு தாளில் மடித்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன்.

தலையில் சந்தனம் பூசிய ஒரு பெரியவர் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "சாமிகிட்ட வந்து வாங்குன விபூதியத் திருப்பிக் கேக்குறியே தம்பி, ஒனக்கே நல்லாருக்கா?"

கேட்டது தப்பு என்று எனக்கும் தெரியும். நான் பிறந்து வளர்ந்த தெரு அது. அங்கே கையில் வாங்கிய திருநீற்றை யாரும் திருப்பித் தந்து நான் பார்த்ததில்லை. திருநீறு கலப்படமாம், அதனால்தான் திரும்பக் கேட்கிறார்கள் என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. கூட்டம் அடுத்த கடைக்கு நகர்ந்தது. அண்ணன் என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "நீயாத்தான் அனுப்புன, நீயாத்தான் வந்து யாவாரத்தைக் கெடுக்குற. ஒனக்கு என்னதான்டா வேணும்?"

இடுப்பில் பிள்ளையை வைத்திருந்த ஒரு பெண் மட்டும் இரக்கப்பட்டு, திருநீற்றை முந்தானையில் கொட்டி முடிந்துகொண்டு தாளை என்னிடம் கொடுத்தார். அதில் ஒரு பாட்டின் பிற்பாதி இருந்தது. முற்பாதி எந்த ஊருக்கு நடந்துகொண்டிருந்ததோ தெரியாது. காரைக்குடிப் பக்கமோ, பொள்ளாச்சிப் பக்கமோ, யாரோ ஒருவர் வீட்டுச் சாமி படத்துக்கு முன்னால் போய் இருந்திருக்கும். பயபக்தியோடு வைத்திருப்பார்கள். ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள்.

மலைக்குத் திரும்பி, தாள்களை விரிவுரையாளர் முன்னால் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பக்க எண் பார்த்து ஒவ்வொன்றாக அடுக்கினார். மூன்றாம் தொகுதியிலிருந்துதான் அதிகம். ஆறாவதில் இரண்டே இரண்டு. தாளில் படிந்திருந்த திருநீறு பட்டு விரல் நுனியெல்லாம் வெள்ளையாகிவிட்டது. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஒரு லெட்டர் குடுங்க சார்" என்றார் கடைசியில். "இந்த ஒம்போது வால்யூமும் நம்ம லைப்ரரியில இருந்துச்சு, இன்ன காரணத்தால கழிச்சுட்டோம்னு. எங்கிட்ட இருக்குற குறிப்பு நோட்டு, இந்தத் தாளு, அந்த லெட்டர் மூணும் இருந்தா ஏத்துக்குவாங்க. எங்க கைடு சொல்லியிருக்காரு. ஆய்வைச் சித்திரைக்குள்ள குடுக்கணும்."

அன்றைக்கே எழுதினேன். முதல்வரின் கையெழுத்தும் வேண்டும். அவர் படித்துப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரிசர்ச் மெட்டீரியலை நாங்களே அழிச்சிட்டோம்னு அதே யுனிவர்சிட்டிக்கு நாமளே எழுதிக் குடுக்கிறதா? கமிட்டி வந்துட்டுப் போகட்டும். அப்புறம் சைன் பண்றேன்."

சரி சார் என்றேன். அவர் இல்லாமல் என் பெயரில் மட்டும் கொடுத்திருக்கலாம். நூலகரின் கையெழுத்துக்கும் மதிப்பு உண்டு. ஆனால் வேலை போய்விடும் என்று பயந்தேன். இதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். விரிவுரையாளர் நூலகப் படியேறும் சத்தம் கேட்டால் பின்கதவு வழியாகப் போய்விடுவேன். மூன்று முறை என்னைப் பிடித்துக் கேட்டார். மூன்று முறையும் "அடுத்த வாரம் மிஸ்" என்றேன். மாசி போய், பங்குனி போய், சித்திரையும் போயிற்று. ஏரியைச் சுற்றி நடந்தால் முன்பெல்லாம் விதிகள் மனத்தில் ஓடும். இப்போது சாக்குகள் ஓடின.

கமிட்டி வைகாசியில் வந்தது. நூல்கள் குறைவாக இருந்தாலும் தேர்ந்தெடுத்து வைத்த நூலகம் என்று பாராட்டினார்கள். என் பத்து விதிகளையும் நின்றுகொண்டே படித்தார்கள். ஐந்தாம் விதியை ஒருவர் இரண்டாம் முறையும் படித்து, மற்றக் கல்லூரிகளுக்கும் இது நல்ல வழி, ஒரு பிரதி கொடுங்கள் என்றார். தட்டச்சு செய்து கொடுத்தேன். இரண்டு இடத்தில் பிழை விழுந்தது.

அன்று மாலையே முதல்வர் என் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஆசிரியர் அறைக்கு ஓடினேன். விரிவுரையாளர் அதை வாங்கிப் படித்துப் பார்த்தார்.

"உள்ளது உள்ளபடி எழுதியிருக்கீங்க சார்" என்று மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "ஆய்வைப் போன மாசமே குடுத்துட்டேன். அந்த மூணு அதிகாரத்தையும் எடுத்துட்டுத்தான் குடுத்தேன். ஆதாரம் காட்ட முடியாததை எப்படி வச்சுக்கிறது?"

அச்சுப் புத்தகங்களை வைத்து எழுதிய மிச்சத்துக்கு அவருக்குப் பட்டம் கிடைத்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள், பின்னால் கிடைத்தது. எனக்கு அப்போது அதில் ஒரு சந்தோஷமும் தோன்றவில்லை. "அந்த மூணு அதிகாரம் எங்க மிஸ்?" என்றேன்.

"ஊர்ல எங்க வீட்ல கெடக்கு. நோட்டு, நீங்க கொண்டாந்த தாளு எல்லாமே."

"லைப்ரரிக்குக் குடுங்க மிஸ். நான் பத்திரமா வைக்கிறேன். நாளைக்கே நானே வந்து வாங்கிக்கிறேன்."

"எந்த விதியில சேர்ப்பீங்க சார்?"

விதிகள் பத்தும் நூலக வாசலில் தொங்கின. அவர் எல்லாவற்றையும் படித்திருக்கிறார். அச்சேறாத கையெழுத்துப் பிரதிகளை நன்கொடையாக ஏற்பதில்லை என்பது எட்டாம் விதி. துரைமார் டைரிகளையும் சமையல் குறிப்புகளையும் தடுக்க நான்தான் அதை எழுதினேன். விதியை மாற்றிவிடலாம் மிஸ் என்றேன். மாற்றிவிட்டுச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, மணி அடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டார்.

கமிட்டி பாராட்டிய கொள்கையில் கை வைக்க முதல்வர் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டேன், கத்தினேன், ஒருமுறை மேசையைத் தட்டினேன். அவர் இசைய ஒன்றரை வருடம் ஆயிற்று. அதற்குள் அந்த விரிவுரையாளர் கீழே வேறொரு கல்லூரிக்கு வேலை மாறிப் போய்விட்டார். திருத்திய எட்டாம் விதியைப் பையில் வைத்துக்கொண்டு பூம்பாறை பஸ் ஏறினேன்.

வீட்டில் அவருடைய அம்மா மட்டும் இருந்தார். வாசலில் பூண்டுத் தண்டை அரிந்துகொண்டிருந்தார். நான் யார், எதற்காக வந்திருக்கிறேன் என்று சொன்னதும் அரிவாளைக் கீழே வைத்தார்.

"மக எழுதிவச்ச தாளுங்களா? மூட்டையாக் கட்டிக் கெடந்துச்சுய்யா. இனி வேணாம்மான்னு சொல்லிட்டுத்தான் போனா. நானும் யாராச்சும் கேட்டு வருவாகளோன்னு ரொம்ப நாளு வச்சிருந்தேன். போன அடைமழையில காஞ்ச விறகே இல்ல, அடுப்பு மூட்ட அதைத்தான் எடுத்தேன்."

எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"நீங்க கொஞ்சம் வெரசா வந்திருக்கலாம்ல" என்றார், பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவனிடம் சொல்வதுபோல.